இட்லி மாவும் 127-ஆம் சங்கீதமும்

கேள்வி: போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் ரங்கூன் பக்கத்தில் சிரியத்தில் இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மா தெருமுனையில் இட்லி, தோசை போட்டு விற்றுத்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தார். கரண்ட் சாயங்காலம் வந்தால் சாயங்காலம் மாவு அரைப்பார். ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால் அப்போது எழுந்து அரைப்பார். எப்படியும் நாலு மணிக்கு அடுப்பு மூட்டிவிடுவார். போன மாதம் ஜெபக்கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "அதிகாலையில் எழுந்து பாடுபடுகிறது விருதா என்று 127-ஆம் சங்கீதத்தில் எழுதியிருக்கிறது. கர்த்தரை நம்புகிறவளுக்கு இந்த ஓட்டம் எதற்கு?" என்று எல்லார் முன்னாலும் அம்மாவைக் கேட்டுவிட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து படுத்தால் தூக்கம் வரவில்லை என்கிறார். அந்த வசனத்துக்கு அதுதான் அர்த்தமா?
ஒரு மகள், சிரியம்

பதில்: மகளே, முதலில் இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அந்தச் சங்கீதம் அவரைக் குற்றம் சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவர்கள் ராத்திரி படுத்தால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று சொல்கிற பாட்டு அது. அதையே எடுத்து ஒருவருடைய தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை.

வசனத்தை முழுதாக வைத்துக்கொள்வோம். "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா, கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா. நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா. அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." பெரியவர் நடுவிலிருந்து நாலு சொல்லை மட்டும் உருவி எடுத்திருக்கிறார். அந்த வாக்கியம் தூக்கத்தில்தான் போய் முடிகிறது என்பதை விட்டுவிட்டார்.

வீடு கட்டாதே என்று இங்கே எழுதியிருக்கிறதா? இல்லை. கொத்தனார் கரண்டியும் கையுமாக நிற்கிறார். காவலாளி மதில்மேல் விழித்துத்தான் இருக்கிறார். அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லவே இல்லை. 'விருதா' என்ற இடத்தில் எபிரெயத்தில் 'ஷாவ்' என்ற சொல் இருக்கிறது. பத்துக் கட்டளையில் கர்த்தருடைய நாமத்தை "வீணிலே வழங்காதிருப்பாயாக" என்று படிக்கிறோமே, அந்த வீணும் இதே ஷாவ்தான். உள்ளே பருப்பில்லாத வெறும் கூடு என்று சொல்லலாம். (பிரசங்கி சொல்லும் 'மாயை' வேறு சொல், ஹெவெல். மூச்சுக்காற்று, ஆவி என்று அதற்குப் பொருள். பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி கலந்துவிடுகிறார்கள்.) கர்த்தரை வெளியே நிறுத்திவிட்டு, எல்லாம் என் கையால்தான் நிற்கிறது என்று நினைத்துச் செய்கிற வேலை கூடாகப் போகும் என்கிறார் சங்கீதக்காரர். வேலையே கூடு என்று அவர் சொல்லவில்லை.

அதிகாலையில் எழுவது தப்பு என்றால் நீதிமொழிகள் 31-ஐ என்ன செய்வது? அங்கே புகழப்படுகிற பெண் "இருட்டோடே எழுந்திருந்து தன் வீட்டாருக்கு ஆகாரங்கொடுத்து" என்று இருக்கிறது. மூன்று வசனம் தள்ளி, இரவிலே அவள் விளக்கு அணையாது என்றும் இருக்கிறது. வாசித்தபோது உன் அம்மா ஞாபகம்தான் எனக்கு வந்தது. அந்தப் பெரியவரிடம் இதைக் காட்ட வேண்டுமென்றால் மரியாதையோடு காட்டு. நாலு பேர் இருக்கும்போது வேண்டாம், தனியாக.

அப்படியானால் சங்கீதம் எதைக் குறை சொல்கிறது? "வருத்தத்தின் அப்பம்" என்கிறதே, அதைத்தான். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஆதாமிடம், "வருத்தத்தோடே அதின் பலனைப் புசிப்பாய்" என்று சொல்லப்படுகிறது. எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் இரண்டு இடத்திலும் 'வருத்தம்' என்றே போட்டுவிட்டார்கள். எத்தனையோ மொழிபெயர்ப்புகளில் தொலைந்துபோகிற ஒட்டு இது, தமிழில் தொலையவில்லை. இன்செயினில் இறையியல் படித்த நாளில் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வருத்தத்தின் அப்பம் எப்படி இருக்கும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தட்டோனில் என் அப்பா கொத்து வேலை செய்தார். ஊருக்கெல்லாம் செங்கல் சுவர் எழுப்பினவர் எங்கள் வீட்டில் மட்டும் மூங்கில் தட்டிதான் வைத்திருந்தார். ஒரு சுவராவது செங்கல்லில் எழுப்ப வேண்டும் என்று ஓவல்டின் டப்பாவில் பணம் சேர்த்தார். பெரும்பாலும் 75 கியாட் தாள்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மாற்றித் தரவும் இல்லை. உன் வயசில் உள்ளவர்களுக்கு இது கதை மாதிரி இருக்கும். உங்கள் தாத்தா பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பார், அவரவர் டப்பா அவரவருக்கு ஞாபகம் இருக்கும்.

அதற்குப் பிறகு அப்பா மூன்று மணிக்கே எழுந்துவிடுவார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று விளக்கு வைத்த பிறகும் வேலை பார்த்துவிட்டு வருவார். அம்மா கருவாட்டுக் குழம்பு ஊற்றுவார். கடைசிச் சோறு வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது, "இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாய்?" என்று கேட்பார். ராத்திரி டப்பாவைத் திறந்து அந்தச் செல்லாத தாள்களை எண்ணுவார். எண்ணிவிட்டுத் திரும்ப அடுக்கி வைப்பார். அப்பா அதற்கு முன்னாலும் விடியற்காலையில் எழுந்தவர்தான், பாட்டுப் பாடிக்கொண்டே வேலைக்குப் போனவர். விடியுமுன் எழுவது மாறவில்லை, அவர் சாப்பிட்ட சோறு மாறிவிட்டது. 127-ஆம் சங்கீதம் சொல்கிற விருதா இதுதான் என்று எனக்குப் பின்னால் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருவில் இருந்த பர்மாக்கார அம்மா ஒருவர் தன் மகன் தலையில் ஒரு கூடை நெல்லை வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா அவர்களுக்குக் கிணற்றுச் சுவர் கட்டிக் கொடுத்துவிட்டு, கையில் இருப்பதைக் கொடுங்கள் போதும் என்று பாதிக் கூலியோடு வந்திருந்தார். அந்தப் பாக்கியை இப்போது கொடுக்க வந்திருந்தார்கள். நெல்லுக்கு எந்த அறிவிப்பும் வந்து செல்லாது என்று ஆக்கிவிட முடியாது. அன்று மத்தியானம் அப்பா மூங்கில் பரணில் படுத்தார், விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் பகலில் தூங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா எங்களைச் சத்தம் போடாமல் வெளியே போய் விளையாடச் சொன்னார்.

"அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." எபிரெயத்தில் இந்த இடம் இரண்டு விதமாக வாசிக்கக் கூடியது. தூக்கத்தைக் கொடுக்கிறார் என்றும் வாசிக்கலாம், தூங்கும்போதே கொடுக்கிறார் என்றும் வாசிக்கலாம். அறிஞர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

இரண்டாவதை உன் அம்மா தினமும் கையால் தொட்டுக்கொண்டு இருக்கிறார். உளுந்தை ஊறவைக்கிறார், அரைக்கிறார், அரிசி மாவோடு சேர்த்து உப்புப் போட்டுக் கையாலேயே கலக்குகிறார். மூடி வைக்கிறார். அதற்குப் பிறகு அவர் செய்ய அதில் ஒன்றும் இல்லை. விடியற்காலையில் பார்த்தால் மாவு பாதிப் பானை ஏறி மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கரண்டியை உள்ளே விட்டால் நுரைத்து, 'புஸ்' என்று அமுங்கும், புளிப்பு வாசனை வரும். உளுந்திலும் அரிசியிலும் ஒட்டி வருகிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் அப்படிப் பொங்க வைக்கின்றன என்று தம்பி பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான். சரி. அவற்றை உன் அம்மாவா வேலைக்கு வைத்தார்? விடிய விடிய பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டால் மாவு ஒரு விரற்கடை கூடுதலாக ஏறுமா? மார்கழிக் குளிரில் அது மெதுவாகத்தான் புளிக்கும், அதற்கும் அவரால் செய்ய முடிந்தது ஒரு துணியைச் சுற்றி வைப்பதுதான். அவர் அரைக்காவிட்டால் பொங்க மாவு இல்லை. அவர் அரைத்துவிட்டதால் மட்டும் அது பொங்கிவிடவும் இல்லை. சாலொமோன் ராஜாவுக்குச் சொல்லப்பட்ட சங்கீதம் சிரியத்துத் தெருமுனையில் ஒரு பானைக்குள்ளே தினமும் நடக்கிறது.

அந்த உளுந்தையே எடுத்துக்கொள். மத்பே என்று பர்மாக்காரர்கள் சொல்வார்கள், இந்தியாவுக்கு இங்கிருந்துதான் கப்பல் கப்பலாகப் போகிறது. நெல் அறுத்த வயலில் விதைப்பார்கள். மழை நின்றுபோன காலம். மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரத்திலும் பனியிலும் அது வளர்கிறது. விதைத்தவர் ராத்திரி தூங்குவார், விதை முளைப்பது எப்படி என்று அவருக்கே தெரியாது. மாற்கு நாலாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையும் இதுதான்.

நம் பர்மா தேசத்தில் இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் 1813-இல் ரங்கூனில் வந்து இறங்கி, பத்து வருஷம் உட்கார்ந்து புதிய ஏற்பாட்டைப் பர்மிய மொழியில் எழுதி முடித்தார். 1824-இல் ஆங்கிலேயரோடு யுத்தம் வந்தது, அவரை ஆவாவில் சிறையில் போட்டார்கள். அச்சேறாத அந்தக் கைப்பிரதியை அவர் மனைவி ஆன் அம்மையார் முதலில் மண்ணில் புதைத்து வைத்தார். மண்ணில் ஈரத்தில் கெட்டுப்போகும் என்று எடுத்து, யாரும் ஆசைப்படாதபடி கல் மாதிரி ஒரு தலையணை தைத்து அதற்குள் வைத்துச் சிறைக்குள் அனுப்பினார். பத்து வருஷத்து வேலையின்மேல் தலை வைத்து அவர் படுத்திருந்தார். கைதிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனபோது தலையணை குப்பையாகிவிட்டது. அவருடைய சீஷர் மாங் இங், ஐயருடைய ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்துப் போனார். உள்ளே என்ன இருந்தது என்பது மாதக்கணக்கு கழித்துத்தான் தெரிந்தது. காலில் விலங்கோடு கிடந்த மனுஷனால் அந்தக் காகிதத்தைக் காக்க முடியவில்லை. அது காக்கப்பட்டது. 1834-இல் வேதாகமம் முழுவதையும் மோல்மேனில் முடித்தார். அப்போதும் ஒவ்வொரு வரியையும் அவரே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது என்பதையும் மறக்காதே.

ஒன்று சொல்லிவிட வேண்டும், நீ கேட்கவில்லை என்றாலும். இந்த வசனத்தைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. 2025 மார்ச் 28-இல் மாண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தபோது பகோடாக்கள் விழுந்தன, தொழுகைக்கு வந்தவர்கள்மேல் மசூதிகள் விழுந்தன, தேவாலயங்களும் விழுந்தன. விழுந்த வீட்டைக் காட்டி, "பார், கர்த்தர் கட்டவில்லை" என்று சொன்னவர்களை நான் கேட்டேன். சங்கீதம் அப்படிச் சொல்லவே இல்லை. யோபுவின் பிள்ளைகள் இருந்த வீடும் விழுந்தது. அதற்கு விளக்கம் சொல்ல வந்த நண்பர்களைத்தான் கடைசியில் கர்த்தர் கடிந்துகொண்டார். உன் அப்பா இல்லாததற்கும் உங்கள் கஷ்டத்துக்கும் யாராவது இந்த வசனத்தைக் காரணமாகக் காட்டினால் காதில் வாங்காதே.

கடைசியாக உனக்கும் தம்பிக்கும். தூக்கத்தைச் சொன்ன கையோடு அடுத்த வசனம், "இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று திரும்புகிறது. சம்பந்தம் இல்லாமல் தாவுகிற மாதிரித் தெரியும். எபிரெயத்தில் கட்டுகிறவர்கள் 'போனீம்', பிள்ளைகள் 'பானீம்'. காதில் விழும்போதே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டைக் கட்டுகிறவர்களைச் சொல்லித் தொடங்கின பாட்டு பிள்ளைகளில் வந்து நிற்கிறது. தம்பிக்கு என்ன வயசு? பதினாலு பதினைந்து ஆகியிருந்தால் ராத்திரி கரண்ட் வருகிற நேரத்துக்கு எழுந்து கிரைண்டர் போட அவனுக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் அவன், ஒரு நாள் நீ. உப்புப் போட்டுக் கலக்குவது மட்டும் அம்மா கையால் இருக்கட்டும், கை மாறினால் மாவு மாறும் என்று என் மனைவி சொல்கிறாள். பதினொரு மணிக்கு அம்மா எழுந்து வந்தால், "நீங்கள் போய்ப் படுங்கள் அம்மா" என்று சொல்லுங்கள். அவருக்கு நித்திரை கொடுக்கக் கர்த்தர் அனுப்பின ஆட்கள் நீங்கள் இரண்டு பேரும்தான்.

கேள்வி: எங்கள் புது வீட்டு வாசலில் "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்" என்ற வசனத்தைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம். அந்த வசனம் எருசலேம் தேவாலயத்தைப் பற்றியது, குடும்ப வீட்டுக்குப் பொருந்தாது என்று உறவுக்காரர் ஒருவர் சொல்கிறார். எடுத்துவிடலாமா?
ஒரு வாசகர், பெகு

பதில்: எடுக்க வேண்டாம் தம்பி. அங்கே வீட்டுக்கு எபிரெயத்தில் இருக்கிற 'பாயித்' என்ற சொல் குடியிருக்கும் வீடு, தேவாலயம், குடும்பம், வம்சம் எல்லாவற்றுக்கும் வரும். தமிழிலும் 'அவர் பெரிய வீட்டுப் பிள்ளை' என்றால் கட்டடத்தையா சொல்கிறோம்? 2 சாமுவேல் 7-இல் தாவீது கர்த்தருக்கு ஒரு வீடு கட்ட ஆசைப்படுகிறார். நான் உனக்கு வீட்டை உண்டுபண்ணுவேன் என்று கர்த்தர் திருப்பிச் சொல்கிறார். தாவீது சொன்னது கல்லும் மரமும், கர்த்தர் சொன்னது வம்சம். இந்தச் சங்கீதத்தின் தலைப்பில் பெயர் இருக்கிற சாலொமோன் ஏழு வருஷம் தேவாலயம் கட்டினார், தன் அரண்மனையைப் பதின்மூன்று வருஷம் கட்டினார். இரண்டையும் சேர்த்தே வேதம் சொல்கிறது. உறவுக்காரர் சொன்னது பாதி சரி, உங்கள் பலகையும் சரி. கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கூலிப் பாக்கி ஏதும் இல்லையே?

கேள்வி: எபிரெயத்தில் வேலைக்கும் ஆராதனைக்கும் ஒரே சொல் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
ஒரு வாசகி, மோல்மேன்

பதில்: உண்மைதான் அம்மா. 'அவோதா' என்பது அந்தச் சொல். ஏதேன் தோட்டத்தை "பண்படுத்தவும் காக்கவும்" மனுஷனை வைத்தார் என்ற இடத்தில் பண்படுத்துவதற்கு அதே வேர்ச்சொல் இருக்கிறது. ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்த பணிவிடையும் அவோதாதான். நான் எபிரெய எழுத்தைப் புத்தகத்துக்கு வெளியே முதன்முதலாகப் பார்த்தது யாங்கோன் 26-ஆம் தெருவில், 1890-களில் கட்டின யூதர் ஜெபாலயத்தில். அதைவிட்டு வெளியே வந்தால் தெருவில் ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டு இருந்தார்கள். உள்ளே நடப்பதற்கும் வெளியே நடப்பதற்கும் ஒரே பெயர் என்பது அன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

ஆனால் நம் பிரசங்கங்களில் இதைச் சர்க்கரை தடவிச் சொல்லிவிடுகிறோம். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரைச் சாந்து குழைக்கவும் செங்கல் அறுக்கவும் வைத்துப் பிழிந்தார்களே, அந்தக் கொடிய வேலைக்கும் அவோதா என்றுதான் பெயர். மூட்டை தூக்குகிறவரிடம் போய், "உன் வேலையே ஆராதனை" என்று சொல்வதற்கு முன் உபாகமம் 24-ஐயும் பார்த்துவிடுங்கள். கூலிக்காரனுக்கு அவன் வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கே இருக்கிறது.